மூன்றாவது கூடாரம்

பெட்டியின் மேல் படத்தில்
பனிமலை இருந்தது, ஒரு நீல ஏரி இருந்தது.
நாங்கள் அதைப் பிரித்தது
மூக்கையூருக்கு மேற்கே, ஆனி மாதத்தில்,
ஆடுகளும் சாய்ந்தே நிற்கிற மணலில்.

ஐந்து நிமிடத்தில் நிமிர்ந்துவிடும் என்று போட்டிருந்தது.
நிமிர்ந்தது.
ஆறாவது நிமிடம்
சீமைக் கருவேல முள்ளில் போய்
மஞ்சளாய்ப் படபடத்தது.
“கூடாரம் போட்டீங்களா, பட்டம் விட்டீங்களா?”
ரெமிஜியுஸ் கேட்டான்,
குட்டியானையிலிருந்து தண்ணீர்க் கேனை இறக்கியபடி.

எங்கள் வேலை இவ்வளவுதான்:
நாற்பது கம்பிகள் நட்டு
மூன்று மணிக்கொருதரம், இரவிலும்,
மணல் எவ்வளவு நகர்ந்தது என்று அளப்பது.
முதல் நாளே தெரிந்துவிட்டது,
கம்பிகளுக்கு வந்ததைவிட
தலையணைக்கு வந்ததே அதிகம்.

இரண்டாவது கூடாரம் நிலோஃபருடையது.
கீழக்கரை வீட்டுப் பரணில் கிடந்ததாம்,
அண்ணன் துபாயில் வாங்கியதாம்,
பாலைவனத்துக்கென்றே செய்ததாம்.
கூரை முழுக்க வலை.
அந்த வலைக்குக் கொசுவைத் தெரியும்
தூசியைத் தெரியாது.
இரவெல்லாம் எங்கள் மேல் மாவு சலித்தது.
விடிகையில்
புருவம் நரைத்திருந்தது இருவருக்கும்.
ஜிப்பின் பற்கள் கிட்டித்துப் போயின.
உள்ளே இரண்டு பேர், முட்டுகிற மூத்திரம்,
கத்தரிக்கோல் வெளியே.

“பாலைவனம்னா எந்தப் பாலைவனம்?” என்றேன்.
“காத்து உங்க ஊர்க் காத்து” என்றாள்.
அரை நாள் பேசவில்லை.

மூன்றாவதை யாரும் விற்கவில்லை.

மஞ்சளில் கிழியாத பாதியும்
துபாயில் மிஞ்சிய எலும்பும் சேர்த்தோம்.
வளைகம்பியில் ஒரு கணுவை உருவிப்
பாதியாய்த் தாழ்த்தினோம்.
உட்காரலாம். நிற்க ஆசைப்பட்டால் வெளியே போகலாம்.
வலையின் மேல் அவளுடைய பருத்தித் துப்பட்டாவை
இரண்டாய் மடித்துத் தைத்தோம்;
ஊசி ஒன்றுதான் இருந்தது,
அதைக் கேட்டு வாங்கவாவது பேசவேண்டியிருந்தது.
ஜிப்புக்கு மெழுகுவர்த்தி.
எண்ணெய் வேண்டாம், எண்ணெய் தூசிக்கு விருந்து வைக்கும்.
விரல் நீள முளைகளை
மணல் ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.
சாயல்குடி அரிசி மண்டியில் ஆறு சாக்கு வாங்கி
மணலையே அள்ளி நிரப்பி
முழங்கை ஆழத்தில் படுக்கப் புதைத்து
வலைக்கயிற்றால் மூலைகளை இழுத்துக் கட்டினோம்.
முடிச்சு ரெமிஜியுஸுடையது.
“நங்கூரந்தான். தண்ணி மட்டும் இல்லை.”
வாசல் கிழக்கே. முதுகு கச்சானுக்கு.

இரவு வந்து அது ஒவ்வொரு கயிறாய்த்
தொட்டுப் பார்த்தது.
கூரை உள்வாங்கியது, வெளிவிட்டது,
மறுபடி உள்வாங்கியது,
நடுவில் ஒரு பெருமூச்சில் என் மூக்கைத் தொட்டது.
போகவில்லை.
டார்ச் வெளிச்சத்தில் புளிச்சோறு தின்றோம்,
பல்லில் நறநறக்காத முதல் சோறு.
நிலோஃபர் இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள்.

இருபத்தேழாம் கம்பி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.
கூடாரத்துக்குக் கிழக்கே பத்தடியில் நின்றது.
மற்றவை விரல் விரலாய் மூழ்க,
இதில் ஒரு நூல்கூட ஏறவில்லை, இறங்கவில்லை.
நோட்டில் பிழை என்று எழுதி
அளப்பதை நிறுத்திவிட்டேன்.
நான்கு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

கூடாரம் பிரிக்கும் காலையில்
அந்தக் கம்பியைப் பிடுங்கப் போனவள்
அசையாமல் நின்றாள்.
கம்பியின் அடியில் கிளிஞ்சல் சில்லுகள் வட்டமாய்,
அதற்குள் மூன்று முட்டை,
மணல் நிறம், மையில் கிறுக்கிய மாதிரிக் கோடுகள்.
கொஞ்சம் தள்ளி உப்புக்கொத்தி ஒன்று
இறக்கை ஒடிந்ததாய் நடித்துக்கொண்டு
எங்களை வேறெங்கோ அழைத்தது.

என் பிழையை அது சரியாகப் படித்திருந்தது.

ரெமிஜியுஸ் ஹார்ன் அடித்தான்.
“பொரிக்க எத்தனை நாள்?”
“இருபத்தைந்து, கூடவும் ஆகலாம்.”
கூடாரத்தை எடுத்தால்
மாலைக்குள் மூடிவிடும் மணல்,
எத்தனை அங்குலம் என்றுகூட எங்களுக்குத் தெரியும்.
சங்கு பொறுக்க வருகிறவர்களிடம்
சொல்லிவைப்பதாய்ச் சொன்னான் அவன்.
நிலோஃபர் துப்பட்டாவை ஒருமுறை பார்த்தாள்,
கேட்கவில்லை.

செலவுக் கணக்கில் எழுதினோம்:
கூடாரம் ஒன்று, காற்றோடு போயிற்று.
முழுப் பொய்யும் இல்லை,
முதலாவது போகத்தானே செய்தது.

கிளம்பும்முன் திரும்பிப் போய்
ஜிப்பை மட்டும் இழுத்து மூடினேன்.
மெழுகு
நன்றாகவே வேலை செய்தது.